கோயில் கதவு தானே திறந்த பட்டணம்

(எகிப்து சென்று திரும்பிய தோழர் ஒருவர், ஊர் வாசகசாலையில் கூடிய கூட்டத்தில் பேசியது)



எகிப்துக்குப் போய்வந்தவன் என்றால் பிரமிடைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். பிரமிடையும் பார்த்தேன். ஓர் அரசன் பிணத்தைப் பத்திரப்படுத்துவதற்காக ஒரு தேசத்து ஜனங்களின் உழைப்பையெல்லாம் கல்லாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் புகழ்ந்து பேச உலகத்தில் ஆள் ஏராளம். நான் இன்று சொல்ல வந்தது அந்த நாட்டின் வடகோடியில், மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் அலெக்சாந்திரியா என்னும் துறைமுகப் பட்டணத்தைப் பற்றி. பூமியின் சுற்றளவை ஒரு நிழலைக் கொண்டு கணக்கிட்டதும் அந்த ஊரில்தான். கோயில் கதவு சாமி அருளால் தானே திறப்பதுபோல் காட்டுவதற்கு யந்திரம் செய்யச் சொல்லிக்கொடுத்ததும் அந்த ஊரில்தான். இரண்டும் ஓர் ஊரில் எப்படி இருந்தன, அந்த அறிவெல்லாம் பிறகு என்னவாயிற்று என்பதுதான் விஷயம். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போகும் வழி. சூயஸ் கால்வாய் 1869-ல் திறக்கப்படுவதற்கு முன்னால், சீமையிலிருந்து இந்தியாவுக்கு வருகிறவர்களில் பலருக்கு அலெக்சாந்திரியாதான் வாசற்படி. கப்பலில் வந்து அங்கே இறங்கி, ஓடத்திலும் ஒட்டகத்திலுமாகப் பாலைவனத்தைத் தாண்டிச் சூயஸுக்குப் போய், மறுபடி கப்பலேறுவார்கள். அதனாலேதான் ஆப்பிரிக்காக் கண்டத்தின் முதல் ரயில்பாதை அந்த ஊரிலிருந்து புறப்பட்டது. 1854-ல் ஒரு பகுதி ஓடி, 1856-ல் கெய்ரோ வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கால்வாய் வந்தபிறகு அந்த வழிப்போக்கு சயீத் துறைமுகத்துக்குப் போய்விட்டது. இன்று நம்மவர்கள் கெய்ரோவுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ரயிலேறுவதே சுலபம். இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். சுமார் மூன்று மணி நேரம். வழியெல்லாம் நைல் நதியின் கழிமுகம். வாய்க்காலும் வயலும் எருமையும் பருத்திக் கொல்லையுமாகப் போவதைப் பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கம் போகிற ஞாபகம் வரும். வயலில் குனிந்து நிற்கிற குடியானவன் முகமும் அப்படித்தான்.

அந்தக் குடியானவன் சங்கதி ஒன்றைச் சொல்லிவிட்டு ஊருக்குள் போகிறேன். கி.மு. 331-ல் அலெக்சாண்டர் கட்டளையிட்டு உண்டான இந்தப் பட்டணம் ஆயிரம் வருஷம் ஓங்கியிருந்து, பிறகு தேய்ந்து தேய்ந்து, 1798-ல் நெப்போலியன் வந்து இறங்கியபோது சில ஆயிரம் பேர் மாத்திரம் குடியிருந்த மீன்பிடி ஊராகப் போயிருந்தது. அதை மறுபடி நகரமாக்கியவர் முகமது அலி பாஷா என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறது. அவர் செய்தது என்னவென்றால், நைல் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவர 1817 முதல் 1820 வரை மஹ்மூதியா என்னும் கால்வாயை வெட்டுவித்தார். வெட்டியவர்கள் ஊர் ஊராகக் கட்டாயமாய்ப் பிடித்துக்கொண்டு வரப்பட்ட லட்சக்கணக்கான குடியானவர்கள். அவர்களில் பல்லாயிரம்பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டார்கள். பாஷாவுக்குக் குதிரைமேல் சிலை இருக்கிறது. இன்று ஐம்பது லட்சத்துக்கு மேல் ஜனங்கள் வாழ்கிற ஊர் அது.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கூப்பிடு தூரத்தில் கோம் எல் திக்கா என்று ஓர் இடம். அங்கே போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1960 முதல் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ரோமர் காலத்துச் சலவைக்கல் அரங்கு ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் அரைநாள் உட்கார்ந்திருந்தது அதன் பக்கத்திலே. வரிசையாக இருபதுக்கு மேற்பட்ட வகுப்பறைகள்! மூன்று பக்கமும் படிப்படியாகக் கல் பெஞ்சு, நடுவில் உபாத்தியாயருக்கு உயர்ந்த ஆசனம். ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய பாடசாலை. ராஜாவின் அரண்மனை எப்படியிருந்தது என்று காட்டுவதற்கு உலகத்தில் எத்தனையோ இடமுண்டு. பையன்கள் உட்கார்ந்து படித்த பெஞ்சைக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

அங்கிருந்து தென்மேற்கே, சந்தும் பொந்துமான ஏழைத் தெருக்களுக்கு நடுவே ஒரு மேடு. அதன்மேல் ஒரே சிவப்புக் கல்தூண், மொத்தம் சுமார் 27 மீட்டர் உயரம். 'பாம்பேயின் தூண்' என்று பேர். பாம்பேக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது; அவன் செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து டயோக்ளீஷியன் என்ற ரோம சக்கரவர்த்திக்கு நட்டது. யாரோ ஒரு வழிப்போக்கன் தவறாகச் சொன்ன பேர் நூற்றாண்டுக்கணக்காக நின்றுவிட்டது. நம் ஊரிலும் எந்தப் பாறையைக் கண்டாலும் பீமன் சமைத்த அடுப்பு, சீதை குளித்த குளம் என்கிறோம் அல்லவா, அந்த வகை.

அந்த மேட்டில்தான் செராப்பிஸ் என்னும் சாமியின் பெரிய கோயில் இருந்தது. இந்தச் சாமியின் பிறப்பு வளர்ப்பைக் கேளுங்கள். அலெக்சாண்டருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி வம்சத்தார் கிரேக்கர்கள். குடிகளோ எகிப்தியர். இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் கும்பிட்டால் ராஜ்யத்துக்கு நல்லது என்று, எகிப்தியர் கும்பிட்ட ஓசிரிஸ்-ஆப்பிஸ் என்னும் சாமிக்குக் கிரேக்கத் தாடியும் முகமும் வைத்து, முதல் தாலமி வளர்த்துவிட்ட சாமி அது. அதாவது அரசாங்கம் தயார் செய்த சாமி. ஆனாலும் என்ன? நூறு வருஷத்துக்குள் அது வியாதி தீர்த்தது, கனவில் வந்து வாக்குச் சொன்னது, கடல் தாண்டிப் பல நாடுகளுக்குப் போய்க் கோயில் கொண்டது!

கி.பி. 391-ல் கிறிஸ்தவர்கள் அந்தக் கோயிலை இடித்தபோது உள்ளே இருந்ததை ரூபினஸ் என்ற கிறிஸ்தவ சரித்திரக்காரர் எழுதிவைத்திருக்கிறார். சுவரில் ஒரு சின்னச் சன்னல். குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்தில் சூரிய வெளிச்சம் அதன் வழியாக வந்து சிலையின் உதட்டில் விழும். சூரியன் வந்து சாமியை முத்தமிடுகிறான் என்று ஜனங்கள் கத்துவார்கள். இரும்பினால் செய்த இன்னொரு சின்ன உருவத்தை மேலே மறைத்து வைத்த காந்தம் இழுக்கும். சாமி எழும்புகிறது என்பார்கள். சிலைமேல் மனிதன் கை பட்டால் பூமி பிளந்து வானம் இடிந்து விழும் என்று நம்பிக்கை. ஒரு சிப்பாய் கோடரியால் தாடையில் ஓங்கி வெட்டினான். வானம் இருந்த இடத்திலேயே இருந்தது. எழுதியவர் எதிர்க்கட்சிக்காரர், ஆனபடியால் கொஞ்சம் தள்ளிப் படிக்கவேண்டும். ஆனாலும் இம்மாதிரி சூழ்ச்சிகள் அந்த ஊரில் அசாத்தியமல்லவென்பதற்குச் சாட்சி அந்த ஊர்க்காரர் ஒருவரே விட்டுப் போயிருக்கிறார்.

அவர் பேர் ஹீரோன். கி.பி. முதல் நூற்றாண்டுக்காரர், யந்திர சாஸ்திரி. அவருடைய புத்தகம் இன்றும் அச்சில் கிடைக்கிறது. அதில் கோயில் கதவு யந்திரத்தை விளக்கியிருக்கிறார். பலிபீடத்தில் நெருப்பு மூட்டுகிறார்கள். பீடம் உள்ளே வெறும் கூடு. உள்ளேயிருக்கும் காற்று சூடேறிப் பெருகுகிறது. பெருகிய காற்று தரைக்கடியில் மறைத்து வைத்த குண்டாவிலுள்ள தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் குழாய் வழியாக ஒரு வாளிக்குள் போகிறது. வாளி கனத்துக் கீழே இறங்குகிறது. வாளியில் கட்டிய கயிறு கதவுக் குடுமிகளில் சுற்றியிருப்பதால் கதவு திறக்கிறது! நெருப்பு அணைந்தால் காற்று சுருங்கி, தண்ணீர் பின்னால் இழுக்கப்பட்டு, எதிர்பாரம் கதவை மூடிவிடுகிறது. வெளியே நிற்கிறவனுக்குத் தெரிவது என்ன? பூசாரி யாகம் செய்தார், சாமி கதவைத் திறந்தது. அவ்வளவுதான்.

இன்னொன்று கேளுங்கள். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டி. ஐந்து திராக்மா நாணயத்தை மேலேயுள்ள துவாரத்தில் போட்டால், அது உள்ளே ஒரு நெம்புகோல் தட்டில் விழும், தட்டு சாயும், அடைப்பு தூக்கும், தீர்த்தம் ஒழுகும், காசு வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். இன்று ரயில் நிலையங்களில் காசு போட்டால் சாமான் தரும் பெட்டிகள் இருக்கின்றன அல்லவா? அதற்கு மூதாதை இந்தத் தீர்த்தப் பெட்டிதான். பூசாரிக்குப் பண்டமும் கெட்டுப்போகாது, கணக்கும் தவறாது.

இதே ஹீரோன், நீராவி பீறிட்டு வெளிவருவதால் தானே சுழலும் ஓர் உருண்டையையும் விவரித்திருக்கிறார். நீராவியின் பலத்தை அறிந்தவர்கள் அதை ஒரு ஏற்றத்துக்கோ செக்குக்கோ பூட்டவில்லை. ஏன்? என் அபிப்பிராயம், இறைக்கவும் ஆட்டவும் அடிமைகள் மலிவாக இருந்தார்கள். யந்திரம் ஏழையின் முதுகுச்சுமையை இறக்க வரவில்லை. அவனை வாய்பிளக்க வைப்பதற்கே வந்தது.

அந்த ஊரில் நல்ல மூளைகளுக்குப் பஞ்சமில்லை என்பதற்கு எரட்டோஸ்தனிஸ் ஒருவர் போதும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அரசாங்கப் புத்தகசாலையின் தலைவர். தெற்கே சையீன், அதாவது இன்றைய அஸ்வானில், வருஷத்தில் நெடும்பகல் நாளன்று நடுமத்தியானம் சூரியன் நேர் உச்சியில் நின்று, கிணற்றின் அடித்தண்ணீரில் தெரியும் என்று கேள்விப்பட்டார். அதே நாள் அதே நேரம் அலெக்சாந்திரியாவில் நட்ட கோலுக்கு நிழல் விழுகிறது. அந்த நிழலின் சாய்வை அளந்தார். முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் தூரம் 5,000 ஸ்தாதியம். ஆகவே பூமியின் சுற்றளவு ஐம்பது மடங்கு, 2,50,000 ஸ்தாதியம். இன்று நமக்குத் தெரிந்த அளவுக்கு அது வியக்கத்தக்க நெருக்கம். பூமியை ஆதிசேஷன் தாங்குகிறான், எட்டு யானை தாங்குகிறது என்று இன்றைக்கும் பிரசங்கம் செய்கிறவர்களிடம் ஒரு கோலைக் கொடுத்து வெயிலில் நட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும். அதே காலத்தில் அதே ஊரில் ஹீரோபிலஸ் என்ற வைத்தியர், பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று ஓடாமல், அறுத்துப் பார்த்து அறிவுக்கு இடம் மூளைதான் என்றார்.

புத்தகசாலைக்குப் புத்தகம் சேர்த்த விதமும் விசித்திரம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைச் சோதனை போட்டு, புத்தகம் இருந்தால் பிடுங்கிக்கொண்டு, பிரதி எழுதி, பிரதியைத்தான் சொந்தக்காரனுக்குத் திருப்பிக் கொடுப்பார்களாம். கேலன் என்ற வைத்தியர் எழுதியிருக்கிறார். சுங்கச்சாவடிகளில் புகையிலையும் சாராயமும் தேடுவார்கள். அங்கே புத்தகம் தேடினார்கள்.

அப்படிப்பட்ட புத்தகசாலை எப்படி அழிந்தது? "கலீபா உமர், குர்ஆனுக்கு ஒத்த புத்தகம் வேண்டியதில்லை, ஒவ்வாத புத்தகம் இருக்கக்கூடாது என்று சொல்லிக் கொளுத்தினார்" என்று ஒரு கதை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அந்தக் கதை எழுத்தில் வருவது அரபியர் ஊரைப் பிடித்து ஐந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்து. நடந்த காலத்தில் இருந்தவர் ஒருவரும் சொல்லவில்லை. ஒரு மதத்தாரைத் திட்டுவதற்கு வசதியாக இருக்கிறது என்பதற்காகப் பகுத்தறிவுக்காரன் ஒரு பொய்யை எடுத்துக்கொள்ளக்கூடாது. உண்மை என்னவென்றால், அது ஒரே நாளில் எரிந்ததல்ல. கி.மு. 145-ல் எட்டாம் தாலமி, தனக்கு வேண்டாத கட்சியென்று பண்டிதர்களை ஊரைவிட்டே துரத்தினான். கி.மு. 48-ல் ஜூலியஸ் சீசர் வைத்த தீயில் ஒரு பகுதி போயிற்று. கி.பி. 270-களில் நடந்த சண்டையில் அரண்மனைப் பேட்டையே தரைமட்டம். அது பொதுஜனங்களுடைய புத்தகசாலை அன்று. ராஜா சம்பளத்தில், ராஜா சாப்பாட்டில், ஒரு பூசாரியின் தலைமையில் நடந்த ஸ்தாபனம். நெல்லும் கோதுமையும் விளைவித்து அதற்குப் படியளந்த எகிப்தியக் குடியானவன் பாஷையில்கூட அங்கே பாடம் நடக்கவில்லை. ஆகையால் ராஜாவுக்கு மனம் மாறியபோது ஏன் என்று கேட்க ஆளில்லை.

ஹைப்பேஷியா என்ற அம்மையாரின் சங்கதியும் அதுதான். கணிதமும் வானநூலும் சொல்லிக்கொடுத்தவர். தகப்பனார் தியோனும் கணித மேதை. பெண் வகுப்பு நடத்த, ஆண்கள் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். கி.பி. 415-ல் ஊர் கவர்னருக்கும் கிறிஸ்தவ பிஷப்புக்கும் அதிகாரப் போட்டி. அம்மையார் கவர்னருக்கு வேண்டியவர். ஒரு கும்பல் அவரை வண்டியிலிருந்து இழுத்து, சிசேரியம் என்ற கோயிலுக்குள் கொண்டுபோய் ஓட்டுச் சில்லுகளால் கொன்று, உடலைக் கொளுத்திற்று. கோயிலென்றால் சீசருக்கென்று கட்டி, பின்பு மாதா கோயிலாக மாறியது. அந்த இடத்தைத் தேடிக்கொண்டு ரமல் நிலையத்துப் பக்கம் போனேன். காப்பிக்கடையும் டாக்சியுமாக இருக்கிறது. வாசலில் நின்ற இரண்டு ஊசித்தூண்களில் ஒன்று 1878-ல் லண்டனுக்கும், மற்றொன்று சில வருஷத்துக்குள் நியூயார்க்குக்கும் போய்விட்டன. கொல்லப்பட்ட அம்மையாருக்கு அங்கே ஓர் அடையாளமும் என் கண்ணில் படவில்லை.

ஆனாலும் ஒன்று. நான் முதலில் சொன்னேனே, ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வகுப்பறைகள், அவற்றில் பாடம் நடந்தது ஹைப்பேஷியா கொல்லப்பட்ட பிறகு, ஏழாம் நூற்றாண்டு வரைக்கும். கொன்றுவிட்டதால் படிப்பு நின்றுவிடவில்லை.

இனி நமக்கும் அந்த ஊருக்கும் உள்ள சம்பந்தம். வியன்னா நகரத்து நூலகத்தில் ஒரு நாணற்புல் தாள் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. சேரநாட்டு முசிறித் துறைமுகத்துச் சரக்குக்காக எழுதிய கடன் பத்திரம் அது! கப்பல் பேர் ஹெர்மப்போலோன். சரக்கு யானைத் தந்தம், கங்கைப் பக்கத்துச் சடாமாஞ்சி முதலியவை. செங்கடலில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றி, நைல் நதியில் விட்டு, அலெக்சாந்திரியாவில் அரசாங்கக் கிடங்கில் வைத்து, நாலில் ஒரு பங்கு வரி கட்டவேண்டும் என்று கண்டிருக்கிறது. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறும் சொல்லுகிறது. வந்தது அவர்கள் மாத்திரமல்ல, போனதும் உண்டு. செங்கடல் கரையில் குசேர் என்ற இடத்தில் கிடைத்த பானையோடுகளில் கணன், சாதன் என்று தமிழ்ப் பேர்கள் கீறியிருக்கின்றன. கடல் தாண்டினால் சாதி கெட்டுப்போகும் என்று சாஸ்திரம் எழுதியவர்களைக் கணனும் சாதனும் கேட்டுக்கொண்டு கப்பலேறியதாகத் தெரியவில்லை.

கடற்கரையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பட்டணத்தைப் பற்றிச் சொன்னதாகாது. பிறை வடிவமான கிழக்குத் துறை, ஓரமெல்லாம் நெடுஞ்சாலை, மீன் படகுகள். பெரிய கப்பல்கள் வருவது மேற்குத் துறைக்கு. இரண்டுக்கும் நடுவே நாக்குமாதிரி நீண்ட நிலம், ஆதியில் ஃபாரோஸ் தீவுக்குப் போட்ட அணைக்கரை. மண் சேர்ந்து சேர்ந்து இன்று அதன்மேல் ஒரு பேட்டையே இருக்கிறது. முனையில் கைத்பே கோட்டை. உலக அதிசயம் ஏழில் ஒன்றான கலங்கரை விளக்கம் நின்ற இடம் அதுதான். நூறு மீட்டருக்கு மேல் உயரம். கி.மு. 280 வாக்கில் கட்டியது, ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. பூகம்பங்களில் இடிந்தது. இபின் பதூதா 1326-ல் பார்த்தபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349-ல் மறுபடி போனபோது வாசலுக்கே ஏற முடியவில்லை என்கிறார். 1477 வாக்கில் சுல்தான் கைத்பே அதன் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினான். மிச்சக் கல்லைக் கடலடியில் 1994-ல் பிரெஞ்சு ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. அந்த ஊர்ப் புராதனக் கட்டடங்களில் ராஜாவுக்கும் சாமிக்கும் அல்லாமல் மாலுமிக்கு உபயோகமாக இருந்தது இதுதான். அதன் உச்சியிலும் ஒரு சாமி சிலையை நிறுத்தியிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

சாப்பாட்டுக்குப் பயப்படவேண்டாம். தாமியா என்று ஒன்று, மொச்சை மாதிரியான பயற்றை ஊறவைத்து அரைத்து எண்ணெயில் பொரித்தது. நம் வடைக்குச் சகோதரி. கூஷரி என்பது அரிசி, பருப்பு, மாக்கரோனி எல்லாம் கலந்தது, மலிவு, வயிறு நிறையும். பாதாளக் கல்லறை ஒன்றையும் பார்த்தேன். கோம் எல் ஷொகாபா, அதாவது ஓட்டுச்சில்லு மேடு. செத்தவர்களுக்குத் திவசம் கொடுக்க வந்தவர்கள் உள்ளேயே திண்ணை போட்டு உட்கார்ந்து தின்றுவிட்டு, சட்டி பானையை அங்கேயே உடைத்துப் போட்டதால் அந்தப் பேர். எமனுக்குச் சமமான நாய்முகச் சாமிக்கு ரோமச் சிப்பாயின் உடுப்பு மாட்டியிருக்கிறார்கள். ஆளும் ஜாதி எதுவோ அதன் உடுப்புத்தான் சாமிக்கும்.

கடைசியாகப் புதுப் புத்தகசாலை. 2002 அக்டோபரில் திறந்தார்கள். கடலைப் பார்த்துச் சாய்ந்த வட்டம், 160 மீட்டர் குறுக்களவு. வெளிச் சுவரில் உலகத்து 120 வகை எழுத்துகளைக் கருங்கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். 22 கோடி டாலர் செலவு என்கிறார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர் இத்தனைபேர் இருக்கிற நாட்டில் இது ஆடம்பரமல்லவா என்று அந்த நாட்டிலேயே கேட்டவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து படித்துக்கொண்டிருந்தார்கள். முக்காடு போட்ட பெண்கள், போடாத பெண்கள், எல்லோரும் ஒரே மேஜையில்.

2011 ஜனவரி 28-ந் தேதி முபாரக்கின் ஆட்சியை எதிர்த்து ஊரே கொந்தளித்தது. போலீஸ் தெருவைவிட்டு மறைந்துவிட்டது. அரசாங்கக் கட்டடங்கள் எரிந்தன. இந்தப் புத்தகசாலையும் அரசாங்கத்தின் கட்டடந்தான். ஆர்ப்பாட்டத்துக்கு வந்த வாலிபர்களில் ஒரு கூட்டம் அங்கே போய், சிப்பந்திகளோடு கைகோத்துக் கட்டடத்தைச் சுற்றி நின்றது. ராஜா உத்தரவு இல்லை, பூசாரி இல்லை, சம்பளம் இல்லை. படிகளில் தேசக் கொடியை விரித்தார்கள். புத்தகசாலை தப்பிற்று.

அதன் எதிரே கடலோரம் நெடுக இன்று பெரிய பெரிய கான்கிரீட் கட்டிகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடல் மட்டம் ஏறுகிறது, நிலமும் கொஞ்சங் கொஞ்சமாகத் தாழ்கிறது. மாலையில் அந்தக் கட்டிகள்மேல் தூண்டில் போட்டுக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் ஆகிவிட்டது. கதவு யந்திரத்தை அட்டையில் வரைந்து கொண்டுவந்திருக்கிறேன். பார்க்க விரும்புகிற தோழர்கள் மேடைப் பக்கம் வரலாம். சந்தேகம் இருந்தால் கேட்கலாம்.